காரைக்குடியிலிருந்து கல்லமேடு: ஒருநாள் பயணச் சேவை பற்றி

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் புதைபடிவப் பாறைகளைக் காட்டிவிட்டு அன்றிரவே காரைக்குடியில் கொண்டுவந்து விடும் வேன் சேவை ஒன்றில், சென்ற மாதம் குடும்பத்தோடு போய்வந்தோம். வண்டி வசதியாக இருந்தது. மதிய உணவு சுமார்தான்.

உடன்வந்த வழிகாட்டிக்காகவே இச்சேவையைப் பரிந்துரைக்கலாம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தின் முன் நின்று, அது முளைத்த இடத்திலேயே கல்லானதன்று, பல கோடி ஆண்டுகளுக்கு முன் அடித்து வரப்பட்டுக் கடலடியில் புதையுண்ட மரம் என்பதைப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி சொன்னார். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் அடைந்து கிடந்த சிப்பிகளைக் கண்ட அப்பத்தா, "நம்ம வீட்டுச் சுவருக்கு அரைச்ச சுண்ணாம்பும் கிளிஞ்சல்தானப்பா" என்றார். வழிகாட்டி அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு, கடல் இருந்த காலத்தையும் அது விலகிய காலத்தையும் பாறையிலிருந்தே படித்துக் காட்டினார்.

பாறைகள் சொல்லும் அந்தக் கதையின் கடைசிப் பக்கம்தான் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு. கடல் பின்வாங்கியபின் ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த மணற்பாறையும் களிமண்ணும் அங்கே உள்ளன; டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய காலத்தவை. 1987இல் நிலவியலாளர்கள் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் இங்கிருந்துதான் 'புருகத்காயோசாரஸ்' என்ற மிகப்பெரிய டைனோசரை விவரித்து வெளியிட்டனர். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் அளவுக்கு நீளம். மழையிலும் ஈரத்திலும் நொய்ந்துபோன அந்த எலும்புகள் பின்னர் சிதைந்துவிட்டன; எஞ்சியவை படங்களே. இதைக் கேட்டபின் அந்த மண்ணில் கால்வைக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

ஆயினும் இவ்விடத்துக்கு ஒதுக்கியது 20 நிமிடம் மட்டுமே. வழியில் கடைவீதியில் நிறுத்திய நேரம் அதைவிட அதிகம். பயணிகள் சிலர் கல்துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டபோது யாரும் தடுக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. எடுத்துச் செல்லப்படும் ஒவ்வொரு துண்டும், அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தியை இழந்துவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சிவகங்கைப் பகுதியிலேயே, இலைத் தடங்கள் பதிந்த, டைனோசர் காலத்து மணற்பாறைகளும் களிப்பாறைகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை.

பதிவு செய்வோர், கடைவீதி வேண்டாம், கல்லமேட்டில் குறைந்தது 2 மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். திரும்பும்போது நாங்கள் கேட்டோம். குழுவாக வந்தால் செய்து தருவதாகச் சொன்னார்கள்.