குளோரைடைப் பிடிக்க எது? சில்வர் நைட்ரேட்டா, குரோமைல் குளோரைடா?

உப்புப் பகுப்பாய்வில், அதாவது தெரியாத உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டறியும் ஆய்வகப் பயிற்சியில், குளோரைடுக்கு இந்த இரண்டு சோதனைகளையும் அடுத்தடுத்துச் செய்யச் சொல்வார்கள். இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வது போலத் தெரியும். உண்மையில் அப்படி இல்லை.

சில்வர் நைட்ரேட் வேகமானது. கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் சில சொட்டு. தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு (கரைசலில் கரையாமல் பிரியும் திடப்பொருள்) வந்து, அது அம்மோனியாவில் கரைந்தால் குளோரைடு. அமிலம் எதற்கு? கார்பனேட்டும் சில்வருடன் வீழ்படிவு தரும். அதை முன்கூட்டியே விரட்டத்தான். அவசரத்தில் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலை எடுத்துவிட்டால் எந்த உப்பும் குளோரைடுதான்! சில்வர் குளோரைடு ஒரு லிட்டர் நீரில் 2 மில்லிகிராம்கூடக் கரையாது. அதனால் குழாய்த் தண்ணீரில் கழுவிய சோதனைக்குழாயே, அந்தத் தண்ணீரிலுள்ள குளோரைடால், வெண்மையாகக் கலங்கிப் பொய் சொல்லும். காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை அலசியே ஆக வேண்டும்.

தடுமாற்றம் புரோமைடில் வரும். அதன் வீழ்படிவு வெளிர் மஞ்சள். டியூப்லைட் வெளிச்சத்தில் அதையும் வெள்ளையையும் பிரிப்பது கண்ணைப் பொறுத்தது. நீர்த்த அம்மோனியாவில் அது லேசில் கரையாது என்பதே பிடிமானம். அயோடைடு நல்ல மஞ்சள், அடர் அம்மோனியாவிலும் அசையாது. குளோரைடும் புரோமைடும் கலந்திருந்தால் இந்தச் சோதனை கையை விரித்துவிடும்.

குரோமைல் குளோரைடு சோதனைக்கு வேலை அங்கேதான். உலர்ந்த உப்பு, பொட்டாசியம் டைகுரோமேட், அடர் கந்தக அமிலம். சூடாக்கினால் குரோமைல் குளோரைடு செம்பழுப்பு ஆவியாக வரும். ஆவியைப் பார்த்ததும் முடிவெழுதக் கூடாது, புரோமினும் அதே நிறம்தான். சோடியம் ஹைட்ராக்சைடில் செலுத்த வேண்டும்: மஞ்சளானால் குளோரைடு, நிறமற்றுப் போனால் வெறும் புரோமின். மஞ்சள் கரைசலில் அசெட்டிக் அமிலமும் லெட் அசெட்டேட்டும் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு, அதற்குப் பின் சந்தேகமே இல்லை.

ஆனால் குழாயில் ஈரம் இருந்தால் சோதனை கெடும். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. உப்பில் குளோரேட் இருந்தால் அடர் கந்தக அமிலம் வெடிக்கவே வைக்கும். எனவே என் வரிசை: முதலில் சில்வர் நைட்ரேட், கலப்பு என்று சந்தேகம் வந்தால் மட்டும் குரோமைல், அதுவும் புகைக்கூண்டுக்குள் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வக அடைப்பு).

ஒரு விதிவிலக்கு. மெர்குரி குளோரைடு குரோமைல் சோதனைக்கு மசியாது. ஈய, சில்வர் குளோரைடுகள் அரைகுறையாகவே பதில் தரும். ஈயமென்றால் சோடியம் கார்பனேட்டுடன் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் நுரைப்பு அடங்கும்வரை நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட்டுக்கே திரும்ப வேண்டும்.