உழவு இயந்திர டயர் மாற்றப் போகிறவர்களே, உள்ளே இருக்கும் உப்புநீரைக் கவனியுங்கள்

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு டயர்க் கடைக்குப் போங்கள். பின் டயர்களுக்குள் பாரத்துக்காக நிரப்பியிருந்த கல்சியம் குளோரைட்டு உப்புநீரைப் பீப்பாயில் பிடித்துக்கொண்டு போவதாகக் கூலி வாங்கிய ஒரு கடை, அத்தனையையும் என் வெங்காயத் தோட்டத்து ஓரத்தில் திறந்துவிட்டுப் போய்விட்டது.

குளிர்நாட்டில் ஓடி, இங்கே இறக்குமதியான வண்டி அது. அங்கே டயருக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்துபோகாமல் இருக்கத்தான் இந்த உப்பைக் கரைத்து நிரப்புகிறார்கள். விற்றவர் சொன்ன விபரத்தை நானும் கடை முதலாளியிடம் அப்படியே சொன்னேன். பற்றுச்சீட்டில் அகற்றும் கூலி தனியாக எழுதப்பட்டிருக்கிறது. வேலைக்கு வந்த பையன்களிடமோ பீப்பாயே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வால்வைக் கீழ்ப்பக்கம் திருப்பி ஊசியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். "வெறும் தண்ணீர்தான் அண்ணை, வெயிலுக்குக் காய்ந்துவிடும்" என்றான் ஒருவன்.

காயவில்லை. கச்சான் காற்றில் சுற்றிலும் மணல் பறக்க, அந்த இடம் மட்டும் எண்ணெய் கொட்டியதுபோல் கறுத்து ஈரமாகவே கிடந்தது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் உப்பு இது. முதலில் அறுகம்புல் கருகியது. பிறகு பக்கத்துப் பாத்திகளில் வெங்காயத்தாள் நுனியிலிருந்து வெளுத்துச் சுருண்டது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் மண் தேறும் என்பார்கள். ஆனால் எங்கள் மணல் நிலத்தில் அந்த உப்பு நேரே கிணற்றுக்கு இறங்கும். அதனால் மேல்மண்ணை வெட்டிச் சாக்குகளில் கட்டி வைத்திருக்கிறேன்.

ரிம்மைக்கூடக் கழுவாமல் புது டியூபைப் போட்டிருக்கிறார்கள். வால்வுத் துளையைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு; சுரண்டினால் துரு தகடு தகடாக உதிர்கிறது. கழற்றிய உடனே நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டிருந்தால் ரிம் தப்பியிருக்கும்.

13.6-28 அளவு டயர் ஒன்றை முக்கால்வாசி நிரப்பினால் 150 லீற்றருக்குக் குறையாது. ஆகவே டயருக்கு ஒரு 200 லீற்றர் பிளாஸ்டிக் பீப்பாய் வேண்டும். இரும்புப் பீப்பாயை இந்த உப்பு அரித்துவிடும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் ஒரு லீற்றர் பிடித்துத் தராசில் வையுங்கள். நல்ல தண்ணீர் ஒரு கிலோ நிற்கும், செறிவான உப்புநீர் 1.3 கிலோவைத் தொடும். வாயில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். சிலர் எதிலீன் கிளைக்கோல் கலந்த உறைதடுப்பு நீரையும் நிரப்பியிருப்பார்கள். அது இனிப்பான நஞ்சு. மாடோ நாயோ நக்கினால் செத்துப்போகும்.

பிடித்த உப்புநீரைப் பாரம் தேவைப்படும் இன்னொருவரின் டயருக்கே கொடுக்கலாம், டியூப் போட்ட டயராக இருந்தால். நம் ஊரில் உறைபனி ஏது? எனக்கு வெறும் தண்ணீரே போதும், அதைத்தான் இப்போது நிரப்பியிருக்கிறேன்.

முதலாளி அகற்றும் கூலியைத் திருப்பித் தர மறுக்கிறார். பற்றுச்சீட்டோடும் படங்களோடும் பிரதேச சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.