அழுத்தியாச்சு, படம் எங்கே? கணினி ஸ்கிரீன்ஷாட் வழிகள் குறித்த நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் புதிதாகப் பழகுபவர் தடுமாறுவது கீயை அழுத்துவதில் இல்லை, அழுத்திய பிறகுதான். திரையில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். மறுபடி அழுத்துவார், மறுபடியும் ஒன்றுமில்லை. உண்மையில் படம் இரண்டு முறையும் எடுக்கப்பட்டிருக்கும். அது ஃபைலாகச் சேமிக்கப்படாமல் கிளிப்போர்டில், அதாவது கணினியின் தற்காலிக நினைவில் உட்கார்ந்திருக்கும். அடுத்து எதையாவது காப்பி செய்தால் அந்த இடத்தில் புதியது வந்துவிடும், படம் போய்விடும். எந்த வழி கிளிப்போர்டுக்குப் போகிறது, எது ஃபைலாகிறது என்பது தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

விண்டோஸில் ப்ரிண்ட் ஸ்கிரீன் கீயைத் தனியாக அழுத்துவதுதான் பழைய வழக்கம். முழுத் திரையும் கிளிப்போர்டுக்குப் போகும். இரண்டு மானிட்டர் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நீளப் படமாக வரும். ஆல்ட்டோடு சேர்த்து அழுத்தினால் அப்போது வேலையில் இருக்கும் விண்டோ மட்டும் வரும், அதுவும் கிளிப்போர்டுக்கே. விண்டோஸ் கீயோடு அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கி மீளும், பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் வரிசை எண்ணோடு பிஎன்ஜி ஃபைலாகச் சேமிக்கப்படும். அங்கே போய்ப் பார்த்தும் காணவில்லை என்றால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவின் பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள். அது பிக்சர்ஸ் ஃபோல்டரையே தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் 11இல் இன்னொரு குழப்பம் உண்டு. புதிய பதிப்புகளில் ப்ரிண்ட் ஸ்கிரீன் கீ நேராகப் படம் எடுக்காமல் விண்டோஸோடு வரும் ஸ்கிரீன்ஷாட் மென்பொருளான ஸ்னிப்பிங் டூலைத் திறக்கும். பழைய வழக்கமே வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு பகுதிக்குப் போய் ப்ரிண்ட் ஸ்கிரீன் குறித்த பட்டனை ஆஃப் செய்யலாம். சில லேப்டாப்களில் இந்தக் கீ இன்னொரு வேலையோடு ஒரே பட்டனைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடித்தால்தான் வேலை செய்யும். கீ கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் இதைச் சோதிப்பது நல்லது.

அன்றாடப் பயன்பாட்டில் கடைசியில் கை பழகுவது விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துவதில்தான். திரை மங்கும், மேலே சிறிய பட்டை வரும், வேண்டிய பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம். முழுத் திரையை எடுத்துவிட்டு பெயிண்டில் ஒட்டி வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பெயிண்டில் ஒட்டும்போது படத்தைவிட வெள்ளைத் தாள் பெரிதாக இருந்தால் ஓரத்தில் வெள்ளைப் பட்டையோடு சேமிக்கப்படும். ஒட்டுவதற்கு முன்பே தாளைச் சின்னதாக்கிவிட்டால், படத்தின் அளவுக்கு அது தானாக விரியும். விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூல் கிளிப்போர்டுக்கு அனுப்புவதோடு ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரிலும் தானாகச் சேமிக்கிறது. விண்டோஸ் 10இல் அந்த வசதி இல்லை, நோட்டிஃபிகேஷனைத் திறந்து நாமே சேமிக்க வேண்டும்.

அதோடு விண்டோஸ், வி இரண்டையும் சேர்த்து அழுத்தி கிளிப்போர்டு ஹிஸ்டரியை ஆன் செய்து வையுங்கள். கடைசியாகக் காப்பி செய்த 25 பொருள்கள் வரை அதில் நிற்கும், படங்களும் சேர்த்து. ஒவ்வொன்றும் 4 எம்பிக்குள் இருக்க வேண்டும். கணினியை மறுபடி தொடங்கினால், பின் (pin) செய்து நிலைநிறுத்தியவை தவிர மற்றவை போய்விடும். வரிசையாகப் பத்துப் படம் எடுத்துப் பிறகு ஒட்டுகிற வேலைக்கு இது பெரிய உதவி.

மவுஸ் மேலே போனால் மட்டும் தெரியும் சிறு குறிப்புகள், கிளிக் செய்தால் மறையும் மெனுக்கள் ஆகியவற்றை எடுப்பதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். ஆல்ட் கீயை அழுத்தியதுமே சில மெனுக்கள் மூடிக்கொள்ளும். இதற்கு ஸ்னிப்பிங் டூலில் 3, 5, 10 விநாடித் தாமதம் உண்டு. தாமதத்தை வைத்துவிட்டு மெனுவைத் திறந்து பிடித்திருந்தால் போதும். 3 விநாடி போதாது, 5 வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. மவுஸ் அம்புக்குறியும் படத்தில் வர வேண்டுமென்றால் ப்ரிண்ட் ஸ்கிரீன் உதவாது. ஷேர்எக்ஸ், கிரீன்ஷாட் போன்ற இலவச மென்பொருள்களில் அதற்குத் தனி அமைப்பு இருக்கிறது. ஷேர்எக்ஸ் வல்லமை மிக்கதுதான், ஆனால் அமைப்புகளின் காடு. எடுத்த படத்தை இணையத்தில் ஏற்றும் வசதி அதற்குள்ளேயே இருப்பதால், நிறுவியதும் படம் எடுத்த பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலைப் பார்த்து, வேண்டாததை எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மேக்கில் இந்த ஏற்பாடு ஒழுங்காக இருக்கிறது. கமாண்ட், ஷிஃப்ட் இரண்டோடு 3 அழுத்தினால் முழுத் திரை, 4 அழுத்தினால் வேண்டிய பகுதி, 5 அழுத்தினால் எல்லா வசதிகளும் கொண்ட பட்டை. இந்தப் பட்டை 2018இல் வந்த மொஹாவியிலிருந்து உண்டு. படம் வழக்கமாக டெஸ்க்டாப்பில் ஃபைலாக விழும். கன்ட்ரோல் கீயையும் சேர்த்துப் பிடித்தால் கிளிப்போர்டுக்கு மட்டும் போகும். 4 அழுத்தியபின் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கேமரா உரு வரும், எந்த விண்டோவைச் சொடுக்குகிறோமோ அது மட்டும் பதிவாகும். அதைச் சுற்றி வரும் பெரிய நிழல் வேண்டாமென்றால் ஆப்ஷன் கீயைப் பிடித்தபடி சொடுக்க வேண்டும். இழுத்துக்கொண்டிருக்கும்போது இடம் தவறிவிட்டால், மவுஸை விடாமல் ஸ்பேஸ் பாரைப் பிடித்தால் தேர்ந்தெடுத்த கட்டத்தை அப்படியே நகர்த்தலாம். எரிச்சலூட்டுவது மூலையில் மிதக்கும் சிறு படம் மட்டும்தான். அது மறையும்வரை ஃபைல் டெஸ்க்டாப்புக்கு வராது. 5ஆம் பட்டையின் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிட்டால் தாமதம் போய்விடும்.

லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களில் ஒன்றான க்னோமில், 2022இல் வந்த 42ஆம் பதிப்புக்குப் பிறகு ப்ரிண்ட் ஸ்கிரீன் கீ நல்லதொரு தேர்வுத் திரையைத் தருகிறது. படம் ஃபைலாகவும் கிளிப்போர்டிலும் ஒருசேரக் கிடைக்கும். இன்னொரு சூழலான கேடிஇ பயன்படுத்துபவர்களுக்கு ஸ்பெக்டகிள் இருக்கிறது. பழைய மென்பொருள் எதையாவது போட்டுக் கறுப்புத் திரை வந்தால் பெரும்பாலும் காரணம் வேலாண்ட், அதாவது லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறை. ஒரு செயலி இன்னொன்றின் விண்டோவை எட்டிப்பார்க்க அது நேரடியாக அனுமதிப்பதில்லை.

கறுப்புப் படம் விண்டோஸிலும் மேக்கிலும் வரும். கட்டணத் திரைப்படச் சேவைகளின் வீடியோவை எடுத்தால் காட்சி இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருக்கும். அது கோளாறு இல்லை, உரிமைப் பாதுகாப்பு வேண்டுமென்றே செய்வது. வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் மானிட்டரில் படம் வெளிறிப்போய் வந்தால் படம் எடுக்கும் நேரத்துக்கு எச்டிஆரை நிறுத்துங்கள். விண்டோஸ், ஆல்ட், பி (B) சேர்த்து அழுத்தினால் அது ஆஃப் ஆகும்.

நீண்ட இணையப் பக்கத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது வீண் வேலை. ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்தினால் முழுப் பக்கத்தையும் எடுக்கும் வாய்ப்பு வரும். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ அழுத்தி டெவலப்பர் பகுதியைத் திறந்து, அங்கே கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (P) அழுத்தி, ஸ்கிரீன்ஷாட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் முழு நீளப் படத்துக்கான கட்டளை வரும். எடுத்த படத்தில் பாதிப் புகைப்படங்கள் வெறும் சாம்பல் கட்டங்களாக இருந்தால், அவை இன்னும் இறங்கவில்லை என்று பொருள். பல தளங்கள் நாம் கீழே போகப் போகத்தான் படங்களை இறக்கும். ஒருமுறை பக்கத்தின் அடிவரை உருட்டிவிட்டுப் பிறகு எடுங்கள்.

எழுத்து நிறைந்த திரையை ஜேபெக்காகச் (JPEG) சேமிக்கவே கூடாது. தமிழில் இது கூடுதலாகத் தெரியும். புள்ளி, கொம்பு, சுழிகளைச் சுற்றிக் கசடு படிந்து சிறிய எழுத்துகள் படிக்க முடியாமல் போகும். பிஎன்ஜி அந்தச் சேதத்தைச் செய்வதில்லை, எழுத்து மட்டும் உள்ள திரைக்கு ஃபைலும் சிறிதாகவே இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக இணைத்தால் சுருக்கப்படாது. வேர்டிலும் இதே தொல்லை. பல பதிப்புகளின் வழக்கமான அமைப்பில் அது படங்களைச் சேமிக்கும்போது 220 பிபிஐக்கு, அதாவது ஓர் அங்குலத்துக்கு 220 புள்ளிகள் என்ற அளவுக்குக் குறைத்துவிடும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும்.

பலரும் அலட்சியமாக விடுவது மறைப்பு வேலையைத்தான். கணக்கு எண்ணின் மேல் ஹைலைட்டரைக் கறுப்பாக்கிப் பூசினால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பவருக்கு எண் தெரிந்துவிடும். கட்டம் கட்டமாகக் கலைப்பதும் நம்பத்தக்கதில்லை, குறிப்பாக எண்களுக்கு. முழுக்க அடைத்த செவ்வகம் ஒன்றே வழி. வேர்டில் படத்தை வெட்டினால் வெட்டிய பகுதி ஃபைலுக்குள் அப்படியே இருக்கும், வாங்குபவர் அதை மீட்கலாம். கம்ப்ரஸ் பிக்சர்ஸில் வெட்டிய பகுதிகளை நீக்கு என்பதைக் கொடுத்தால்தான் போகும். 2023 மார்ச்சில் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலேயே இதுபோன்ற ஓட்டை வெளிப்பட்டது. சேமித்த படத்தைத் திறந்து வெட்டி அதே பெயரில் சேமித்தால் பழைய படத்தின் மிச்சம் ஃபைலின் வாலில் தங்கியது. அதே மாதம் அப்டேட்டில் சரிசெய்தார்கள். ஆனால் அதற்கு முன் அப்படி வெட்டி அனுப்பிய படங்களை அப்டேட் திருத்தாது. அவை இன்னும் எங்காவது பொதுவில் இருந்தால் எடுத்துவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் புதிதாக எடுத்துப் போடுங்கள்.