டிஸ்கோர்ஸ்: மல்லிகை விவசாயிகளின் விவாதக் களத்துக்கு ஏற்ற மென்பொருளா?

மதுரை மாவட்டத்தின் திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதி மல்லிகை விவசாயிகளுக்காக நாங்கள் நடத்தும் இணைய விவாதக் களம் டிஸ்கோர்ஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. 2013-இல் அறிமுகமான இந்தத் திறமூல (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை.

வாட்ஸ்அப்பும் முகநூலும் எல்லார் கையிலும் இருக்கும்போது தனியாக ஒரு களம் எதற்கு என்று கேட்பவர்கள் மல்லிகைத் தோட்டத்தின் ஆண்டு வேலைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். நவம்பர் கடைசியில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுதல்), மார்ச் முதல் பூ வரத்து, அதனோடு வரும் மொட்டுப்புழு, சிவப்புச் சிலந்தி என ஒரே கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் திரும்ப எழுகின்றன. அனுபவமுள்ள ஒருவர் சென்ற ஆண்டு பொறுமையாக எழுதிய விளக்கம், வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கும் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையின் பூ விலைக்கும் அடியில் புதைந்துபோகிறது. இந்த ஆண்டு சேர்ந்தவரின் கண்ணில் அது படுவதே இல்லை.

டிஸ்கோர்ஸின் பெரும் பலம் இங்கேதான் தெரிகிறது. புதிய கேள்விக்குத் தலைப்பைத் தட்டச்சு செய்யும்போதே அதை ஒத்த பழைய இழைகளை, அதாவது ஒரு கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்த தொடர்களை, அது எடுத்துக் காட்டுகிறது. கேட்க வந்தவர் பழைய இழையிலேயே தம் செடியின் படத்தைச் சேர்த்தால், அந்த இழையைத் தொடங்கியவருக்கு அறிவிப்பு போகிறது. அதே பூச்சியோடு முன்பு போராடியவர் எந்த மருந்து பலித்தது, எது வீணாயிற்று என்று வந்து சொல்கிறார். பல மாதங்களாக யாரும் தொடாத இழை இப்படி மீண்டும் பேசத் தொடங்குவதை எந்தச் சமூக ஊடகத்திலும் நான் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

பங்கேற்கப் பங்கேற்க உறுப்பினர்களுக்கு உரிமைகளைக் கூட்டித் தரும் நம்பிக்கை நிலைகளும் நன்கு சிந்திக்கப்பட்டவை. சுழியம் முதல் நான்கு வரை ஐந்து நிலைகள் உள்ளன. புதியவர் இடும் படங்களுக்கும் இணைப்புகளுக்கும் முதலில் வரம்பு இருக்கிறது. ஐந்து இழைகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, பத்து நிமிடம் செலவிட்டால் அடுத்த நிலை கிடைக்கிறது. உர வியாபார விளம்பரங்கள் பெருமளவு குறைந்ததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

குறைகளும் உண்டு. கொஞ்ச நாள் வராதவர்களுக்கு இது அனுப்பும் சுருக்க மின்னஞ்சல் அருமையான ஏற்பாடுதான். ஆனால் எங்கள் விவசாயிகளில் பலர் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. பேசி அனுப்பிப் பழகியவர்களுக்குத் தமிழில் தட்டச்சு செய்வது பெரும் சுமை. சொந்தமாக நிறுவுவதற்குச் சர்வர், டாக்கர் என்ற மென்பொருள் நிறுவும் கருவி, மின்னஞ்சல் சேவை ஆகியவற்றைக் கையாளத் தெரிந்த ஒருவர் வேண்டும். சர்வருக்கு மாதந்தோறும் செலவும் ஆகும்.

ஆகவே வாட்ஸ்அப் குழுவை நாங்கள் மூடவில்லை. அன்றாடப் பூ விலை அங்கேயே வருகிறது. குரல் பதிவாக நல்ல கேள்வி வந்தால், தன்னார்வலர் ஒருவர் கேட்டவரின் சம்மதத்தோடு அதை எழுத்தாக்கிக் களத்தில் இட்டு, இணைப்பைக் குழுவுக்கு அனுப்புகிறார். இந்த வேலைக்கு ஆள் இருக்கும் குழுக்களுக்கு டிஸ்கோர்ஸைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அப்படி ஒருவர் கிடைக்கும் வரை மற்றவர்கள் நிறுவும் செலவில் இறங்க வேண்டாம்.