உப்புக்காற்றில் ஒரு டிஎஸ்எல்ஆர், ஒரு மிரர்லெஸ்: கடலூரிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எதுல படம் நல்லா வரும்?" ஆரம்ப நிலைக் கேமராக்களில் இந்தக் கேள்விக்குப் பெரிதாக வேலை இல்லை என்பது என் எண்ணம். என்னிடம் இருப்பவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கேனான் 200டி மார்க் 2 டிஎஸ்எல்ஆர், 2019-இல் வந்தது, 24.1 மெகாபிக்சல். கேனான் ஆர்50 மிரர்லெஸ், 2023-இல் வந்தது, 24.2 மெகாபிக்சல். வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் இரண்டிலும் ஏபிஎஸ்-சி என்ற ஒரே அளவுதான். ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, பகல் வெளிச்சத்தில் ட்ரைபாட் வைத்து எடுத்த படங்களைக் கலந்து வைத்தால், எது எதில் எடுத்தது என்று எனக்கே சொல்லத் தெரியாது. எடுத்து முடித்த பிறகு தெரியாத வித்தியாசம், எடுக்கும்போது நன்றாகவே தெரிகிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு வேலை கடலூரில். விடுமுறை நாட்களில் பாதி புதுச்சேரியில் அக்கா வீட்டில் கழியும். தேவனாம்பட்டினம் கடற்கரை, முதுநகர் துறைமுகம், ஊசுடு ஏரி, கோயில் திருவிழா, சொந்தக்காரர் வீட்டு விசேஷம், இவைதான் என் களம். படம் எடுத்துக் காசு பார்ப்பவன் அல்ல. முதலில் டிஎஸ்எல்ஆர் வாங்கிச் சில வருடம் அதில்தான் பழகினேன். மிரர்லெஸ் அப்புறம் வந்தது. பழையதை விற்கவில்லை. இப்போது அது பெரும்பாலும் அக்கா மகன் கையில் இருக்கிறது.

அடிப்படை வேறுபாடு கண்ணாடி. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி விலகும், வெளிச்சம் சென்சாரில் விழும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதையே, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் இருக்கும் குட்டித் திரையில் நீங்கள் பார்க்கிறீர்கள். கண்ணாடிக்கு இடம் விட வேண்டியதில்லை என்பதால், கேனானின் பழைய இஎஃப் (டிஎஸ்எல்ஆர்) அமைப்பில் 44 மி.மீ. இருந்த, லென்ஸ் மாட்டும் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம், ஆர்எஃப் (மிரர்லெஸ்) அமைப்பில் 20 மி.மீ. ஆகிவிட்டது.

இது நம் கடற்கரையில் எப்படி உதவுகிறது என்பதற்கு விடியற்காலையைவிட நல்ல சோதனை இல்லை. நம் கரை கிழக்கு பார்த்தது. ஃபைபர் படகுகள் கரைக்கு வரும் நேரமும் சூரியன் எழும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளிச்சம் முழுக்கப் படகுக்குப் பின்னால் இருக்கும். டிஎஸ்எல்ஆரில் கண்ணுக்கு எல்லாம் அழகாகத் தெரியும். எடுத்துப் பார்த்தால் வானம் வெளுத்திருக்கும், அல்லது ஆட்கள் கரிக்கட்டையாக இருப்பார்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, மாற்றி மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் வலையை இறக்கிவிடுவார்கள். ஆர்50-இல் எக்ஸ்போஷரைக் குறைக்கக் குறைக்க, படம் எப்படி வரும் என்பது வியூஃபைண்டரிலேயே தெரிகிறது. ஆரஞ்சு நிறம் வானத்தில் நிற்கிற இடத்தில் நிறுத்தி அழுத்தினால் போதும்.

இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வியூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, தூரத்தைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸ் போட்டிருந்தால் இன்னும் ஆபத்து. லென்ஸ் குவித்த வெயில் நேரே கண்ணில் விழும். மிரர்லெஸ்ஸில் நீங்கள் பார்ப்பது திரையைத்தான், அதனால் கண்ணுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் உச்சி வெயிலை நோக்கி லென்ஸை வெகுநேரம் திருப்பி வைத்தால் சென்சாருக்குக் கேடு. தோளில் தொங்கும்போது மூடியைப் போட்டுவிடுங்கள்.

மாசி மகம் அந்த விடியற்காலை வெளிச்சத்துக்கு நேர் எதிர். தேவனாம்பட்டினத்திலும் சரி, புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் சரி, சுற்றுவட்டார சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரையில் வந்து நிற்கும்போது வெயில் தலையைப் பிளக்கும். அந்த வெளிச்சத்தில் பின்பக்கத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். எனவே நம்மூருக்கு வியூஃபைண்டர் இல்லாத கேமரா வேண்டாம் என்பேன். சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டுமே நல்ல கேமராக்கள், ஆனால் வீடியோ எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்தவை. இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்க ஒன்றும் கிடையாது. விலை குறைகிறதே என்று கேனான் ஆர்100 பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு தகவல்: அதில் வியூஃபைண்டர் உண்டு, ஆனால் திரை மடங்காது, தொட்டாலும் வேலை செய்யாது. கூட்டத்தில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி எடுக்கும்போது மடங்கும் திரையின் அருமை தெரியும்.

ஃபோகஸ் விஷயத்தில் போட்டியே இல்லை. 200டி மார்க் 2-இன் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் 9 ஃபோகஸ் புள்ளிகள்தான், அதிலும் நடுவில் இருப்பது மட்டுமே குறுக்கும் நெடுக்குமான கோடுகளைப் பிடிக்கும் கிராஸ் வகை. நடுவில் ஃபோகஸ் பிடித்து, அப்படியே கேமராவை நகர்த்தி ஃப்ரேம் போடும் பழக்கம் எனக்கு அதனால்தான் வந்தது. ஓடும் குழந்தையிடம் அந்த வித்தை எடுபடாது. ஆர்50, ஃப்ரேமின் ஓரத்தில் முகம் இருந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. மனிதர், விலங்கு, பறவை, வண்டி எல்லாம் அதற்கு அடையாளம் தெரியும். அக்கா மகன் முதல் தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா இது, நம்ம வேலை ஒண்ணுமே இல்ல போலிருக்கே" என்றான். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னான்.

ஆனாலும் டிஎஸ்எல்ஆர்காரர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 200டி மார்க் 2-இல் லைவ் வியூவைப் போட்டுத் திரையைப் பார்த்து எடுத்தால், அது சென்சாரிலேயே ஃபோகஸ் பிடிக்கும் டூயல் பிக்சல் ஃபோகஸுக்கு மாறிவிடும், கண்ணையும் கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் கண்ணாடி மேலே போய்விடுவதால் அதுவும் பாதி மிரர்லெஸ்தான். வெயில் இல்லாத இடத்தில், மண்டபத்துக்குள், வீட்டுக்குள் எடுக்க இதுவே போதும்.

ஊசுடு ஏரியில் நாரை எழும்பும்போது வேகம் தேவைப்படுகிறது. டிஎஸ்எல்ஆரில் நொடிக்கு 5 படம், ஆர்50-இல் 12, எலக்ட்ரானிக் ஷட்டரில் 15. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால் ஆர்50-இன் தற்காலிக நினைவகம் சட்டென்று நிரம்பிவிடும், ஜேபெக்கில் வைத்தால்தான் அந்த வேகம் உதவும். எலக்ட்ரானிக் ஷட்டரில் சத்தமே வராது என்பதால் பறவைக்கும் நாட்டிய அரங்கேற்றத்துக்கும் நல்லது. அரங்கில் எல்இடி விளக்கு இருந்தால் மட்டும் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழ வாய்ப்பு உண்டு. மேடையில் முதல் படத்தை எடுத்ததும் பெரிதாக்கிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

வீடியோ எடுப்பீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மிரர்லெஸ்தான். 200டி மார்க் 2-இல் 4கே போட்டால் காட்சி இன்னும் குறுகும், டூயல் பிக்சல் ஃபோகஸும் வேலை செய்யாது. ஆர்50-இல் இரண்டு குறையும் இல்லை.

இப்போது டிஎஸ்எல்ஆர் ஜெயிக்கிற இடங்கள். முதலாவது பேட்டரி. இரண்டு கேமராவிலும் ஒரே எல்பி-இ17 பேட்டரிதான், ஒன்றைக் கழற்றி மற்றதில் போடலாம். அதே பேட்டரியில் 200டி மார்க் 2 வியூஃபைண்டர் வழியாக 1,070 படம் எடுக்கும் என்பது சோதனைக் கணக்கு. ஆர்50-இல் அதில் பாதிகூட வராது. ஒன்றில் கண்ணுக்குக் காட்டுவது கண்ணாடி, மற்றதில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு நொடியும் திரையும் சென்சாரும் எரிந்துகொண்டிருக்கின்றன. வைகாசியில் பாடலீஸ்வரர் தேர் பார்க்கக் கிளம்பினால் டிஎஸ்எல்ஆருக்கு ஒரு பேட்டரி, மிரர்லெஸ்ஸுக்குக் கூடுதல் பேட்டரியும் வேண்டும். ஆறுதல் என்னவென்றால், ஆர்50-ஐ டைப்-சி கேபிளில் தகுந்த பவர் பேங்க் கொண்டே சார்ஜ் செய்யலாம். 200டி மார்க் 2-இல் அது முடியாது, பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில்தான் போட வேண்டும்.

இரண்டாவது, லென்ஸ். நான் அதிகம் யோசித்தது இதைத்தான். கடையில் பேரம் எல்லாம் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) விலையில் நடக்கும், பிறகு வருடக்கணக்கில் பணம் போவது லென்ஸுக்கு. ஆர்50-உடன் வரும் 18-45 லென்ஸ் வெறும் 130 கிராம். சட்டைப் பையில் வைக்கலாம். ஆனால் அதன் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு; எண் ஏற ஏற வெளிச்சம் குறையும்) எஃப் 4.5-இல் தொடங்கி ஸூம் செய்யச் செய்ய 6.3-க்குப் போய்விடும். பிராகாரத்தில் சாயங்கால நேரம், ஃப்ளாஷ் போடக் கூடாது என்றால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். டிஎஸ்எல்ஆரின் 18-55 எஃப் 4-இலிருந்து 5.6 வரை. கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். இரண்டுக்குமே உண்மையான மருந்து எஃப் 1.8 லென்ஸ்தான்.

இங்கேதான் பழைய இஎஃப் லென்ஸ்கள் கைகொடுக்கின்றன. 2015-இல் வந்த இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம், செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கிறது. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் அவர்களுடைய பழைய லென்ஸ்கள் விலை இறங்கி வருகின்றன. அதை நான் ஆர்50-இலும் அடாப்டர் போட்டுப் பயன்படுத்துகிறேன். ஆட்டோஃபோகஸ், கண் பிடிப்பது, எல்லாம் சொந்த லென்ஸ் போலவே வேலை செய்கிறது. ஆனால் 160 கிராம் லென்ஸோடு 110 கிராம் அடாப்டரும் சேர்ந்தால், 375 கிராம் மிரர்லெஸ்ஸுக்கும் 449 கிராம் டிஎஸ்எல்ஆருக்கும் இருந்த எடை வித்தியாசம் தலைகீழாகிவிடும். பை சின்னதாகும் என்று மிரர்லெஸ் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

2024-க்கு முன்பு ஆர்எஃப் மவுண்டில் வேறு நிறுவனங்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் அரிது. அந்த வருடம் சிக்மாவும் டாம்ரானும் ஏபிஎஸ்-சிக்கு லென்ஸ் கொண்டுவருவதாக அறிவித்த பிறகுதான் சிக்மா 18-50 எஃப் 2.8 போன்றவை வந்தன. விலை கூடுதல்தான். ஆனால் கேமராவோடு வரும் கிட் லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் வாங்கி இதைப் போடுவது, விசேஷங்களில் எடுப்பவர்களுக்கு நல்ல வழி.

ஃப்ளாஷ் பற்றியும் ஒரு வரி. 200டி மார்க் 2-இல் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் நடுவில் இருக்க வேண்டிய தொடர்புப் புள்ளியே கிடையாது. மலிவான மேனுவல் ஃப்ளாஷும், ஃப்ளாஷைத் தள்ளி வைத்து இயக்கும் ட்ரிக்கரும் அதில் வேலை செய்யாது. ஆர்50-இல் புது வகை ஷூ, வழக்கமான ஃப்ளாஷை மாட்டத் தனி அடாப்டர் வேண்டும். நண்பனின் ஃப்ளாஷை இரவல் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற திட்டம் இரண்டிலும் எளிதில் பலிக்காது.

ஊர்க் காற்றுக்கு வருகிறேன். ஆர்50-இல் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்து கிடக்கும். டிஎஸ்எல்ஆரில் அதற்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்து நிற்கும். கடற்கரையில் மாலைக் காற்று மணலை வாரி அடிக்கும்போது நான் மிரர்லெஸ்ஸில் லென்ஸ் மாற்றுவதே இல்லை, காருக்குள் அல்லது ஒரு டீக்கடைக்குள் போய்த்தான். இரண்டு கேமராவுக்கும் மழைத் தடுப்பு கிடையாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் கொட்டியதே, அந்த வாரம் முழுக்க இரண்டும் டப்பாவைவிட்டு வெளியே வரவில்லை. செல்போனில்தான் எடுத்தேன்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பயப்பட வேண்டியது லென்ஸ் ஃபங்கஸுக்கு. கேமராவோடு வரும் துணிப் பையில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத மளிகை டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், இவ்வளவுதான் செலவு. ஈரப்பதம் 40-இலிருந்து 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. அரிசியில் புதைத்து வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், அந்த மாவுத் தூசி உள்ளே போனால் அது வேறு தொல்லை.

இவ்வளவுக்கும் பிறகு என் தீர்ப்பு: புதிதாக, கடையில் பில் போட்டு வாங்குவதென்றால் மிரர்லெஸ். டிஎஸ்எல்ஆருக்குப் புது மாடலோ புது லென்ஸோ கேனானிடமிருந்தும் நிக்கானிடமிருந்தும் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. சோனி 2021-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று புது டிஎஸ்எல்ஆருக்கு முழு விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கல்லூரி மாணவர், கையில் இருப்பது புது மிரர்லெஸ் விலையில் பாதிக்கும் கீழே என்றால், நல்ல நிலையில் இருக்கும் பழைய டிஎஸ்எல்ஆரும் அந்த 50 மி.மீ. லென்ஸும் வாங்குங்கள். நாளைக்கு மாறினாலும் லென்ஸ் அடாப்டரில் ஏறி உங்களோடு வரும்.

பழையது வாங்கும்போது, லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து நூல் நூலாக ஏதாவது படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் இதுதான் முதல் சோதனை. எஃப் 16-இல் வைத்து வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், சென்சார் தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். கேனானில் எத்தனை படம் எடுத்த கேமரா என்பது பொதுவாகப் படக் கோப்பில் பதிவாகாது. லேப்டாப்பில் கேபிள் போட்டுத் தனி மென்பொருளில்தான் பார்க்க முடியும், எனவே லேப்டாப்பைக் கையோடு கொண்டு போங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்க்கலாம்.