குளோபல் ஃபிஷிங் வாட்ச் மேப்: காலியா தெரியுற கடல நம்பிடாதீங்க

கடல்ல மீன் குறையுது குறையுதுன்னு எல்லாரும் பேசுறோம், ஆனா யாரு, எங்க, எவ்வளவு நேரம் பிடிக்குறாங்கன்னு கேட்டா ரொம்ப வருஷமா யாருகிட்டயும் சரியான பதில் இல்ல. கரையத் தாண்டிட்டா யாரு கண்ணுக்கும் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் கண்ண நமக்குக் குடுத்தது குளோபல் ஃபிஷிங் வாட்ச்-ங்கிற இந்த மேப். கடல் பாதுகாப்பு அமைப்பு ஓசியானா, சாட்டிலைட் படம் வச்சு சுற்றுச்சூழலக் கண்காணிக்குற ஸ்கைட்ரூத், அப்புறம் கூகுள், மூணும் சேந்து ஆரம்பிச்சது, 2016-ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. காசே கிடையாது, சும்மா பாக்குறதுக்கு லாகின் கூட வேணாம், டேட்டாவ டவுன்லோட் பண்ணணும்னா ஒரு அக்கவுண்ட் போட்டுக்கணும்.

பெரிய கப்பல்கள்ல ஏஐஎஸ்-னு ஒரு கருவி இருக்கும், நான் இங்க இருக்கேன், இந்தப் பக்கமா இவ்வளவு வேகத்துல போறேன்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருக்கும். கப்பலும் கப்பலும் மோதிக்கக் கூடாதுன்னு வந்த கருவி அது. அந்த சிக்னல சாட்டிலைட்டும் பிடிக்குது, அதுல இருந்து கப்பல் ஓடுற விதத்த வச்சு இது மீன் பிடிக்குதா இல்ல சும்மா போகுதான்னு கம்ப்யூட்டர் பிரிச்சு சொல்லுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சதே தனித்தனிக் கப்பலோட தடத்த ஜூம் பண்ணிப் பாக்குறதுதான். சூரை பிடிக்குற லாங்லைன் கப்பல் ஒண்ண கிளிக் பண்ணிப் பாருங்க, தூண்டில் கயித்த விட்டுக்கிட்டே ஒரே சீரா நெடுக போகும், கொஞ்ச நேரம் அப்படியே மிதக்கும், அப்புறம் கயித்த இழுத்துக்கிட்டே மெது மெதுவா வந்த பக்கமே திரும்பும். வலைய இழுத்துக்கிட்டே போற இழுவை மடிக் கப்பல்னா வயல உழுத மாதிரி அங்கிட்டும் இங்கிட்டுமா கோடு கோடா. சுருக்குமடி போடுற கப்பல் நேரா போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான், வலைய வளச்சாச்சு. ஒரு ராத்திரி இதையே பாத்துக்கிட்டு உக்காந்ததுல மணி ஒண்ணானதே தெரியல. நடுக்கடல்ல ரெண்டு கப்பல் 500 மீட்டருக்குள்ள ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒட்டி நின்னா அதையும் தனியா குறிச்சுக் காட்டும், ஏன்னா பிடிச்ச மீன சரக்குக் கப்பலுக்கு கைமாத்துறது பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். நின்னதாலயே தப்பு பண்ணுறாங்கன்னு சொல்லிட முடியாது, ஆனா எங்க விசாரிக்கணும்னு தெரிஞ்சுடும்.

இது வெறும் வேடிக்கை பாக்குற மேப் இல்ல, இத வச்சு பல யூனிவர்சிட்டி ஆளுங்க சேந்து உருப்படியா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. 2018-ல வந்த கணக்குப்படி தொழில்முறை மீன்பிடிப்பு உலகக் கடல் பரப்புல பாதிக்கு மேல, 55 சதவீதத்துல, நடக்குது. அதே வருஷம் வந்த இன்னொரு ஆராய்ச்சிதான் என்ன உலுக்கிடுச்சு. பசிபிக் கடல்ல இருக்குற கிரிபாட்டி நாடு தன்னோட ஃபீனிக்ஸ் தீவுகள சுத்தி 4 லட்சம் சதுர கிலோமீட்டர்ல 2015 ஜனவரி 1 முதல் தொழில்முறை மீன்பிடிப்ப நிறுத்துச்சு, மேப்ல பாத்தா கப்பல் எல்லாம் காலி பண்ணிட்டுப் போறது பளிச்சுன்னு தெரியும். ஆனா தடை வரப்போகுதுன்னு முன்னாடியே பேச்சு வந்ததுல இருந்து அங்க மீன்பிடிப்பு ரெண்டு மடங்குக்கு மேல ஏறிருக்கு, மூடுறதுக்குள்ள அள்ளிடணும்னு. ஒன்றரை வருஷத் தடையில மிச்சமாகுற அளவு மீன முன்னாடியே கூடுதலா அள்ளிட்டாங்க! பாதுகாப்புப் பகுதி அறிவிக்கிறவங்க ஒவ்வொருத்தரும் இத தெரிஞ்சு வச்சுக்கணும், இந்த டேட்டா இல்லைன்னா இது வெளியவே வந்திருக்காது.

இப்ப முக்கியமான விஷயம். மேப்ல ஒரு இடம் இருட்டா இருந்தா அங்க யாரும் மீன் பிடிக்கலைன்னு நினைச்சுடாதீங்க. சின்ன படகுகள்ல ஏஐஎஸ் கிடையாது, பெருசுலயும் ஆஃப் பண்ணி வைக்க முடியும். இத மேப் நடத்துறவங்களே மறைக்காம ஆராய்ச்சி பண்ணி 2024 ஜனவரியில வெளியிட்டாங்க, சிக்னல் அனுப்பாத கப்பலையும் காட்டுற ரேடார் சாட்டிலைட் படத்தோட ஒப்பிட்டுப் பாத்தா தொழில்முறை மீன்பிடிக் கப்பல்கள்ல முக்கால்வாசி ஏஐஎஸ் மாதிரி எல்லாரும் பாக்கக்கூடிய கண்காணிப்புல தெரியவே இல்லையாம். ஏஐஎஸ் மட்டும் வச்சுப் பாத்தா ஐரோப்பாவும் ஆசியாவும் ஏறக்குறைய சமமா மீன் பிடிக்குற மாதிரி இருக்கும், ரேடார்ல பாத்தா பத்து கப்பலுக்கு ஏழு ஆசியாவுல, ஐரோப்பாவுல ஒண்ணுதான். தன்னோட குறைய தானே அளந்து ஊருக்கே காட்டுற ஒரு அமைப்ப நான் நம்புவேன், அதனாலதான் அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன். அந்த அரை ஏன் குறைச்சேன்னா, முதல் தடவ வர்றவங்களுக்கு இந்த எச்சரிக்கை முகப்புலயே பெரிய எழுத்துல இருக்கணும். அப்புறம் மீன்பிடிப்பு டேட்டா மூணு நாலு நாள் லேட்டாதான் வரும், இப்ப இந்த நிமிஷம் எவன் பிடிக்குறான்னு பாக்க வந்தா ஏமாந்துடுவீங்க.

புதுசா பாக்கப் போறவங்க முதல்ல ஒரு பாதுகாப்புப் பகுதிய செலக்ட் பண்ணி ரிப்போர்ட் எடுங்க, எந்த நாட்டுக் கொடி போட்ட கப்பல் எத்தன மணி நேரம் மீன் பிடிச்சுச்சுன்னு வந்துடும். அப்புறம் ரேடார் லேயர ஆன் பண்ணி அதே இடத்த திரும்பப் பாருங்க, முதல் படத்துல காலியா இருந்த கடல்ல எத்தன புள்ளி வருதுன்னு எண்ணிப் பாருங்க.