எம்ஜிபி கார்புரேட்டரை ரீபில்ட்டுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. என் 1967 எம்ஜிபி ரோட்ஸ்டரின் இரண்டு எஸ்.யு. நிறுவனக் கார்புரேட்டர்களையும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் சாதனம்) ‘முழு ரீபில்ட்’ (கழற்றி, தேய்ந்ததை மாற்றிப் புதுப்பிப்பது) செய்து தருவதாகச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப் 600 பவுண்டுக்கு மேல் வாங்கியது. திரும்பி வந்தவை பளபளவென்று கண்ணைப் பறித்தன. ஆனால் புதிதாகப் போட்டதாக பில்லில் இருந்த சாமான்களில் பாதி உள்ளே இல்லை. அதைவிடக் கொடுமை, இரண்டில் ஒன்று என்னுடைய கார்புரேட்டரே இல்லை.

ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதப் போவதில்லை, பணத் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே பார்த்தால் பிடிபடும் என்று சொல்வதில்தான் மற்றவர்களுக்குப் பிரயோஜனம்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை அபிங்டனில் தயாரான கார். 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். நம் அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி இன்ஜினும் அதே குடும்பம்தான். அதனால் ஊரில் அம்பாசிடரைக் கழற்றி மாட்டிய பழைய மெக்கானிக்குகளுக்கு இந்தக் காரின் பானெட்டைத் திறந்தால் பாதி தெரிந்த முகமாகத்தான் இருக்கும். எஸ்.யு. கார்புரேட்டர் ரொம்ப எளிமையான சாதனம். மேலே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கூடு, அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனின் அடியில் மெலிந்துகொண்டே போகும் ஒரு நீடில், அது நுழையும் ஒரே ஒரு ஜெட். இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டன் ஏறும். நீடில் மேலே வர வர ஜெட்டில் இடைவெளி கூடும், பெட்ரோலும் கூடும். அவ்வளவுதான் விஷயம். ஏமாற்றுகிறவர்களுக்கும் இந்த எளிமைதான் வசதி. வெளியே துடைத்துப் பாலிஷ் போட்டு, நாலு கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்தாலும் கார் ஓடிவிடும். கொஞ்ச நாளைக்கு.

என் காருக்கு இருந்த வியாதி த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்மானம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காற்று வழியைத் திறக்கும் தட்டு மாட்டியிருக்கும் தண்டுதான் ஸ்பிண்டில். ஐம்பது வருஷத்துக்கு மேலாக முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருந்த தண்டு அது. தண்டும் தேயும், அது நுழையும் ஓட்டையும் வட்டம் போய் நீளமாகிவிடும். அந்த இடுக்கு வழியாகக் காற்று புகும், மிக்சர் மெலியும் (கலவையில் பெட்ரோல் குறையும்), ஐட்லிங் ஏறி இறங்கும், எந்தத் திருகைத் திருப்பினாலும் நிலைக்கு வராது. இதற்குச் சரியான வைத்தியம் ஒன்றுதான். பாடியில் ரீமர் (ஓட்டையைச் சீவும் கருவி) போட்டு ஓட்டையைச் சீராக்கி, புஷ் (ஓட்டைக்குள் பொருத்தும் உலோக வளையம்) அடித்து, புது ஸ்பிண்டில் போட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் அமையாவிட்டால் தண்டு இறுகும், அதனால் கருவியும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ரீபில்ட் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. செய்யாமலே காசு வாங்குகிறவர்கள் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கார் திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே பழைய குணம் தலைகாட்டியது. போதாக்குறைக்குப் புதிதாக ஒன்று: ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு கணம் மூச்சடைத்து நின்று, அப்புறம்தான் இழுத்தது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் முன்னால் இருந்த இரண்டும் வெளுத்திருந்தன, பின்னால் இருந்த இரண்டும் கரி. வெளுத்தால் பெட்ரோல் குறைவு, கரியானால் அதிகம் என்று அர்த்தம். போன் செய்தேன். “கார்புரேட்டர் சரியாகத்தான் இருக்கிறது, இக்னிஷனைப் பாருங்கள்” என்றார் முதலாளி. இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. கார்புரேட்டர் கோளாறு என்று நாம் நினைப்பது பல சமயம் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில்தான் இருக்கும். அதனால் வால்வு இடைவெளி 0.015 அங்குலம், பாயின்ட் இடைவெளியும் அதே 0.015, பிளக் 0.025 என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சரிபார்த்து, டைமிங்கும் வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. சரி, கழற்றிப் பார்த்துவிடுவோம் என்று ஸ்பேனரை எடுத்தேன்.

எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். முன் கார்புரேட்டரின் பாடியிலும் மேல் கூட்டிலும் சென்டர் பஞ்சால் (கூர்முனை உளி) ஒவ்வொரு புள்ளி, பின் கார்புரேட்டரில் இரண்டிரண்டு புள்ளி. எஸ்.யு.வில் கூடும் பிஸ்டனும் நூலளவு இடைவெளியில் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. இதன் பிஸ்டனை அதற்குப் போட்டால் வேலைக்கு ஆகாது, அதற்காகத்தான் அந்த அடையாளம். இப்போது பார்த்தால் முன் பாடியில் ஒரு புள்ளி, அதன் தலையில் இரண்டு புள்ளிக் கூடு. பின் கார்புரேட்டரில் மேலும் இல்லை, கீழும் இல்லை. பாலிஷ் போட்டதில் அழிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். எந்தப் பாலிஷ் ஒரு புள்ளியை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் தின்னும் என்று தெரியவில்லை.

புள்ளி இல்லாதவர்களும் இதைக் கண்டுபிடிக்க முடியும். கூட்டையும் பிஸ்டனையும் சுத்தம் செய்து, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பிஸ்டனில் இருக்கும் சின்ன ஓட்டைகளை அடைத்து, தலையில் டாம்பரை (பிஸ்டன் சட்டென்று ஏறாமல் எண்ணெயால் தடுக்கும் பாகம்) மாட்டி, தலைகீழாகப் பிடித்து விட வேண்டும். ஒன்றரை அங்குல கார்புரேட்டருக்குக் கூடு பிஸ்டனை விட்டு முழுதாக இறங்க 5 முதல் 7 வினாடி ஆக வேண்டும் என்பது பழைய ஒர்க்‌ஷாப் மேனுவல் கணக்கு. என்னுடைய முன் ஜோடி இரண்டு எண்ணுவதற்குள் தொப்பென்று விழுந்தது.

பின் கார்புரேட்டர் இன்னும் வேடிக்கை. 1967 எம்ஜிபிக்குரிய நீடில் பிஸ்டனில் அசையாமல் இறுகி நிற்கும் வகை. ‘5’ என்று தண்டில் குத்தியிருக்கும். முதல் வருஷங்களின் கார்களுக்கு ‘எம்.பி.’. என் பின் பிஸ்டனில் இருந்ததோ ஸ்பிரிங் வைத்து ஒரு பக்கமாகச் சாயும் நீடில், ‘ஏஏ’ என்று தொடங்கும் மூன்றெழுத்து. அது பின்னாளைய புகைக் கட்டுப்பாட்டுக் காலத்துச் சரக்கு. த்ராட்டில் தட்டைப் பார்த்தால் அதில் ஒரு குட்டி ஸ்பிரிங் வால்வு. அதுவும் 1967 காரில் இருக்கக்கூடாது. பிஸ்டன் ஸ்பிரிங் முன்னதில் சிவப்பு, பின்னதில் மஞ்சள். சிவப்பு நாலரை அவுன்ஸ், மஞ்சள் 8 அவுன்ஸ். எம்ஜிபிக்கு இரண்டிலும் சிவப்புதான். ஸ்பிரிங் கனமானால் பிஸ்டன் ஏறத் தயங்கும், காற்று வேகமாகப் பாயும், பெட்ரோல் அதிகமாக இழுக்கும். பின் பிளக்குகள் ஏன் கரியாயின என்பதற்குப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. முன்னவை ஏன் வெளுத்தன என்பதற்கு ஸ்பிண்டிலைக் கையால் பிடித்தாலே போதும்: மேலும் கீழும் ஆடியது. இன்ஜின் ஓடும்போது அதன் இரு முனையிலும் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனரை அடித்ததும் ஐட்லிங் சட்டென்று மாறியது. பில்லில் ‘புதிய ஸ்பிண்டில், புதிய புஷ்’ என்று தனி வரியாகப் போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள். புஷ் இருந்த தடயமே இல்லை. மிதித்ததும் மூச்சடைத்ததற்குக் காரணம் இன்னும் அற்பமானது. முன் டாம்பரில் எண்ணெயே ஊற்றவில்லை! எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெயைப் பிஸ்டனின் குழல் தண்டுக்கு மேல் அரை அங்குலம் நிற்கும்படி விட வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யவில்லை.

கோபம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. எம்ஜிபியில் கார்புரேட்டர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் முதலில் ஃப்ளோட் கிண்ணத்தில் சேரும், மட்டம் ஏறியதும் உள்ளே மிதக்கும் ஃப்ளோட் ஒரு வால்வை மூடும். அந்த வால்வு சரியாக மூடாவிட்டால் கிண்ணம் நிரம்பி வழியும். வழியும் பெட்ரோலைச் சூடான குழாயில் படாமல் கீழே இறக்குவதற்கென்றே ஒவ்வொரு ஃப்ளோட் கிண்ணத்துக்கும் ஒரு வடிகுழாய் வைத்திருக்கிறார்கள். என் கார்புரேட்டர்களில் இரண்டையுமே திரும்ப மாட்டவில்லை. பாலிஷ் போட்ட அழகை மறைக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ. பெட்ரோல் ஹோஸும் பழைய ரப்பர்தான். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண 95 பெட்ரோல் ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது, எத்தனால் பழைய ரப்பரை அரிக்கிறது. கார்புரேட்டரைக் கையில் எடுக்கிற எந்த ஒர்க்‌ஷாப்பும் முதலில் பார்க்க வேண்டியது இது. நீங்கள் கொடுத்து வாங்கிய கார் எதுவானாலும், சாவி போடுவதற்கு முன் அந்த இரண்டு வடிகுழாய்களையும் ஹோஸையும் பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கொடுப்பதற்கு முன் உங்கள் காரில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. எஸ்.யு. பெயரில் வரும் எண்ணை எட்டால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள், வாய் அகலம் அங்குலத்தில் கிடைக்கும். எச்.எஸ்.2 என்றால் ஒன்றேகால், எச்.எஸ்.4 (என் காரில் இருப்பது) ஒன்றரை, எச்.எஸ்.6 ஒன்றே முக்கால். எம்ஜிபிக்கு முந்தைய மாடலான எம்ஜிஏவில் இருப்பது எச்.4, பழைய எச் வகை. எச்.எஸ். என்றால் ஃப்ளோட் கிண்ணம் பக்கவாட்டில் தொங்கும், அதிலிருந்து ஒரு மெல்லிய நைலான் குழாய் ஜெட்டின் அடிக்கு ஓடும். எழுபதுகளில் வந்த எச்.ஐ.எஃப். வகையில் தனிக் கிண்ணமே கிடையாது, ஃப்ளோட் பாடிக்குள்ளேயே அடியில் இருக்கும், மிக்சர் திருகு பக்கவாட்டில். இவற்றோடு ஒரு சின்ன உலோகப் பட்டை, ஃப்ளோட் மூடியின் திருகிலோ மேல் கூட்டின் திருகிலோ மாட்டியிருக்கும். அதில் ‘ஏ.யு.சி.’ அல்லது ‘ஏ.யு.டி.’ என்று தொடங்கும் எண். அதுதான் அந்தக் கார்புரேட்டரின் ஜாதகம். எந்தக் கார், எந்த நீடில், எந்த ஸ்பிரிங் எல்லாம் அந்த எண்ணைக் கொண்டு தேடிவிடலாம். எஸ்.யு. பெயரில் இன்றும் சாமான் தயாரிக்கும் சாலிஸ்பரியின் பர்லன் நிறுவனத்தின் பட்டியலும் இந்த எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது. பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டால் எந்தக் குப்பையையும் எதற்கும் விற்கலாம். எனக்கு வந்ததில் பட்டை இரண்டும் காணோம். பட்டையையும் பாடியையும் நீடில் எழுத்தையும் படமெடுத்து வைத்துவிட்டு, அந்தப் படங்களையே ஒர்க்‌ஷாப்புக்கு மின்னஞ்சலில் அனுப்பி “இவற்றைத்தான் கொடுக்கிறேன், மாற்றிய பழைய சாமான்களும் திரும்ப வேண்டும்” என்று எழுதிவிடுங்கள். எழுதியதும் சிலர் வேலை அதிகம், நேரமில்லை என்பார்கள். நல்லதுதான்.

நேரில் போய்க் கேட்டபோது முதலாளி கொஞ்சமும் அசரவில்லை. “இந்தத் தொழிலில் எல்லாமே எக்ஸ்சேஞ்ச்தான், அதுவும் எச்.எஸ்.4தானே” என்றார். நம் பழையதை வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே ரீபில்ட் செய்த வேறொன்றைக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் முறை உண்டுதான், ஒளிவுமறைவில்லாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், கொடுக்கும் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். எனக்கு வந்த எஸ்டிமேட்டில் ‘உங்கள் கார்புரேட்டர்கள்’ என்றுதான் எழுதியிருந்தது.

வேறொரு எஸ்.யு. நிபுணரிடம் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்கினேன், சண்டையில் அது ரொம்ப உதவுகிறது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்து தர வேண்டும். இல்லையென்றால் காசு வாங்காமல் திரும்பச் செய்து தரவோ, விலையைக் குறைக்கவோ கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கு முன் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இன்னும் சுலபம். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளவற்றுக்கு கார்டு கம்பெனியும் பொறுப்பு. நான் போன அன்று மட்டும் கார்டு மெஷின் ‘ரிப்பேர்’, பேங்க் டிரான்ஸ்ஃபர்தான் என்றார்கள். இப்படி ஒரு ஒர்க்‌ஷாப் சொன்னால் மெஷின் சரியாகும் வரை காத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கடிதத்துக்குப் பிறகு ஒரு பகுதிப் பணம் வந்தது. மீதிக்கு வழக்குப் போட்டிருக்கிறேன். ஸ்பிண்டில் வேலையை அந்த நிபுணரே செய்து கொடுத்துவிட்டார், வடிகுழாய்களும் மாட்டியாகிவிட்டது, பின் கார்புரேட்டருக்குத் தற்காலிகமாக ஒரு பழைய பாடி. யாராவது சமீபத்தில் எக்ஸ்சேஞ்சில் எச்.எஸ்.4 வாங்கியிருந்தால் பின் கார்புரேட்டரின் பாடியைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் அடித்த இரண்டு புள்ளி இருந்தால் ஒரு செய்தி அனுப்புங்கள், நல்ல விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.